அணுவளவும் அசையக் கூடாது

1802ஆம் ஆண்டுக் கோடையில், பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஓர் எஃகுச் சங்கிலியை வைத்துத் தரையை அளந்துகொண்டிருந்தார். லண்டனின் பெயர்பெற்ற கருவிக் கைவினைஞர் ராம்ஸ்டன் செய்த சங்கிலி அது. நூறு அடி நீளம். ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகப் போய், அங்கே சீந்துவாரில்லாமல் கல்கத்தா வந்து விலைபோனது. அளக்க வேண்டிய தூரம் ஏழரை மைல். அதாவது சங்கிலியை நானூறு தடவை ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டும்.

லாம்டனின் உண்மையான எதிரி தூரமல்ல, வெயில். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் நூறு அடிச் சங்கிலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். நானூறு சங்கிலிக்குக் கணக்குப் பார்த்தால் 14 சென்டிமீட்டர். சென்னைக் கோடையில் காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் ஒரு டிகிரியா? அதனால் அவர் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் தந்து, உள்ளே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவையும் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தினார். இப்படி அவர் தொடங்கி, பின்னாளில் குமரிமுனையிலிருந்து வடக்கே இமயம்வரை நீண்ட பெரும் நில அளவையின் முதுகெலும்பு 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. சேலம் நகருக்குச் சற்று மேற்கே, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே கரடுகளையும் மரவள்ளிக் காடுகளையும் கடந்து அந்தக் கோடு போகிறது.

அதே சமவெளியில் இன்று இரும்பை அளப்பவர்கள் வேறு ரகம். நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். திருச்செங்கோடு போர்வெல் ரிக்குகளின் தலைநகரம். அங்கே கட்டிய வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும், கடல் கடந்து ஆப்பிரிக்காவிலும் துளை போடுகின்றன. சேலத்தில் உருக்காலை. இவற்றைச் சுற்றிலும் லேத் பட்டறைகளும் சிஎன்சி இயந்திரங்களும். ரிக்கின் ஹைட்ராலிக் வால்வுக்குள் ஓடும் ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவே விடும் இடைவெளி சில மைக்ரான்தான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இடைவெளி கொஞ்சம் கூடினால் எண்ணெய் கசியும், குறைந்தால் ஸ்பூல் இறுகிக்கொள்ளும். அந்தத் துளையைக் குடையும் இயந்திரம், திரையில் 500 மில்லிமீட்டர் நகர்ந்ததாகக் காட்டும்போது நிஜத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று யாராவது சரிபார்க்க வேண்டும்.

அதற்கு வருகிறார் கேலிபரேஷன் ஆள். முக்காலியில் செங்கல் பருமனுள்ள ஒரு பெட்டி; அதிலிருந்து மெல்லிய சிவப்புக் கதிர். இயந்திரத்தின் மேடையில் ஓர் எதிரொளிப்பான். மேடை நகர நகர, போன ஒளியும் திரும்பி வந்த ஒளியும் ஒன்றோடொன்று சேர்ந்து மாறி மாறிக் கூடியும் குறைந்தும் மின்னுகின்றன. மேடை அரை அலைநீளம் நகர்ந்தால் ஒரு மின்னல். சிவப்பு ஒளிக்கு அது 0.316 மைக்ரான். கணினி மின்னல்களை எண்ணுகிறது. லாம்டனின் ஆட்கள் சங்கிலியை எண்ணியதற்கும் இதற்கும் கொள்கையளவில் வேறுபாடில்லை. சங்கிலி மட்டும் ஒளியலையாக மாறிவிட்டது. ஆனால் அந்த அலையின் நீளம் மாறாமல் நிற்கிறதா? பெட்டிக்குள் இருக்கும் வாயு லேசரைச் செய்தவர்களின் தலைவலி முழுவதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் வாயு லேசர் 1960 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒளிர்ந்தது. தெஹ்ரானில் பிறந்த அலி ஜவானும், வில்லியம் பென்னட், டொனால்ட் ஹெரியட் ஆகியோரும் செய்தது. அதே ஆண்டு மே மாதத்திலேயே தியோடர் மைமன் மாணிக்கக் கல்லில் லேசர் செய்துவிட்டார். ஆனால் அது பளிச்சென்று வெட்டி அணைவது. ஜவானின் குழாய் விடாமல் எரிந்தது. உள்ளே ஹீலியமும் நியானும். மின்சாரம் ஹீலியம் அணுக்களைக் கிளர்த்துகிறது. அவை நியான் அணுக்களை மோதித் தம் ஆற்றலைக் கைமாற்றுகின்றன. நியான் அதை ஒளியாக உமிழ்கிறது. இரு முனையிலும் உள்ள ஆடிகளுக்கு நடுவே அந்த ஒளி போய்ப்போய் வந்து பெருகுகிறது. ஜவானின் முதல் குழாய் தந்தது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நாம் பள்ளி, கல்லூரிகளில் பார்த்த சிவப்பு 1962இல் வந்தது.

வாயுவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. திடப்பொருளில் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று குலைக்கும். அதனால் அவை உமிழும் நிறமும் கலங்கும். குறைந்த அழுத்தத்தில் அடைத்த வாயுவில் ஒவ்வோர் அணுவும் கிட்டத்தட்டத் தனிக்காட்டு ராஜா. நியானின் சிவப்பு நொடிக்கு ஏறக்குறைய 473 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அணுக்கள் குழாய்க்குள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் அந்த எண் சற்றுப் பரவி, சுமார் 150 கோடி ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையாகிறது. கேட்பதற்குப் பெரிய எண்தான். மொத்தத்தோடு ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. ஆகவே எந்த ஏற்பாடும் இல்லாத மொட்டை ஹீலியம்-நியான் குழாயைக்கூட, அலைநீளத்தில் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு பிழைக்குள் நம்பலாம் என்று சர்வதேச அளவியல் அமைப்பே ஏற்றிருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஒன்றரை மைக்ரான். பல பட்டறைகளுக்கு இதுவே தாராளம்.

அதற்கு மேல் துல்லியம் கேட்டால்தான் வம்பு தொடங்குகிறது. அந்தப் பட்டைக்குள் லேசர் எந்த இடத்தில் அதிர வேண்டும் என்பதை அணு முடிவு செய்வதில்லை, இரண்டு ஆடிகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தில் முழு எண்ணிக்கையில் அரை அலைகள் பொருந்தும் அதிர்வெண்கள் மட்டுமே உள்ளே வாழ முடியும். 30 சென்டிமீட்டர் குழாயில் இப்படிப் பொருந்தும் அதிர்வெண்கள் 50 கோடி ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும். குழாய் ஒரு டிகிரி சூடேறினால் போரோசிலிகேட் கண்ணாடி ஏறத்தாழ ஒரு மைக்ரான் நீளும். மயிரிழையின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அதற்குள் அந்த வரிசை முழுதும் 150 கோடி ஹெர்ட்ஸ் நகர்ந்து, பட்டையின் ஒரு முனையில் நுழைந்த அதிர்வெண் மறுமுனை வழியாக வெளியேறிவிடும். குழாய் எரியத் தொடங்கிச் சூடேறும் அரை மணி நேரத்தில் இந்த ஊர்வலம் ஓயாமல் நடக்கும்.

ஆக, லேசரின் அதிர்வெண்ணை நிறுத்தி வைப்பது என்பது உண்மையில் ஒரு நீளத்தை நிறுத்தி வைப்பது. நூறு கோடியில் ஒரு பங்கு நிலைப்பு வேண்டுமென்றால் 30 சென்டிமீட்டர் குழாய் 0.3 நானோமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. அது ஓர் அணுவின் குறுக்களவு. லாம்டனுக்கு வெயிலில் சங்கிலி. இவர்களுக்கு மின்சூட்டில் கண்ணாடி. அளவு மட்டும் கோடிக்கணக்கில் சுருங்கிவிட்டது.

முதலில் எல்லோருக்கும் தோன்றிய வழி, நீளாத பொருளைத் தேடுவது. அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பாரிசுக்கு அருகிலுள்ள சர்வதேச எடை-அளவுப் பணியகத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் கியோம், இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்த்தால் வெப்பத்துக்கு மிகக் குறைவாகவே நீளும் உலோகம் கிடைக்கும் என்று கண்டறிந்து, 1920இல் நோபல் பரிசும் வாங்கியிருந்தார். இன்வார் என்பது அதன் பெயர். சாதாரண எஃகு நீள்வதில் பத்தில் ஒரு பங்குதான் இது நீளும். 1963இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இரண்டு ஹீலியம்-நியான் லேசர்களின் நிலைப்பை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் முதலாவதாக நிற்கும் பெயர் டி. எஸ். ஜசேஜா, அடுத்து ஜவான், பிறகு, மறு ஆண்டே நோபல் பெற்ற சார்ல்ஸ் டவுன்ஸ். ரவுண்ட் ஹில் என்ற இடத்தில், ஒரு பழைய மாளிகையின் திராட்சை மது வைக்கும் நிலவறையில் அவர்கள் வேலை செய்தார்கள். அதிர்வு வராத, பேச்சு எட்டாத இடம் அது. ஆடிகளைப் பிடித்து நிறுத்தியவை இன்வார் தண்டுகள்.

1964இல் அதே நிலவறையில் அவர்கள் ஐன்ஸ்டைனைச் சோதித்தார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு லேசர்களைச் சுழலும் மேசைமீது வைத்துத் திருப்பினால், திசையைப் பொறுத்து ஒளியின் வேகம் மாறுகிறதா என்று அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். மேசை 90 டிகிரி திரும்பியதும் அதிர்வெண் 275 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தது! சார்பியல் கொள்கை தவிடுபொடியாகிவிட்டதா? இல்லை. இன்வாரில் பெரும்பகுதி இரும்பு. பூமியின் காந்தப்புலத்தில் தண்டு திசை மாறும்போது அது மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்கியிருக்கிறது. வெப்பத்தை வென்ற உலோகம் காந்தத்திடம் தோற்றது. அந்த நகர்வு பூமியோடு ஒட்டிய ஒன்று என்பதால் அதைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஐன்ஸ்டைன் சொன்னதற்கு மாறாக எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடச் சுவையான சம்பவம் வேறில்லை. திடப்பொருளை நம்பி லேசரை நிறுத்த முடியாது என்பதை அது போல யாரும் பாடம் எடுத்ததில்லை.

பின்னாளில் உருக்கிய குவார்ட்ஸும் செரோடூர் என்ற கண்ணாடிப் பீங்கானும் வந்தன. செரோடூர் ஒரு டிகிரிக்கு நூறு கோடியில் இருபது பங்குதான் நீளும். விமானங்களிலும் ஏவுகணைகளிலும் திசை காட்டும் வளைய லேசர் கைரோக்களின் உடலையே அதில் குடைந்து, உள்ளே ஹீலியம்-நியானை நிரப்பினார்கள். இந்தியாவின் அக்னி-4 ஏவுகணை தன் பாதையை அறிவதும் இத்தகைய கைரோவால்தான்.

பட்டறைக்கு வரும் பெட்டியில் செரோடூர் கிடையாது. அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அதை வடிவமைத்தவர்கள் நேர்மாறான தந்திரத்தைப் பிடித்தார்கள். குழாய் நீளட்டும், ஆனால் நாம் சொல்கிற அளவுக்கு நீளட்டும் என்பது அந்தத் தந்திரம். குழாயின் மேல் மெல்லிய சூடேற்றும் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். குழாயின் நீளத்தை, பட்டைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண்கள் மட்டும் நிற்கும்படி தேர்ந்துகொள்கிறார்கள். நீளமான குழாய் அதிக வெளிச்சம் தரும் என்றாலும் அதற்குள் அதிர்வெண்கள் கூட்டமாக நுழைந்துவிடும். அதனால் துல்லியம் வேண்டுபவர்கள் ஒரு மில்லிவாட்டோடு திருப்திப்படுகிறார்கள். அடுத்தடுத்த இரு அதிர்வெண்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தான முனைவாக்கம் உடையவை என்பது இயற்கை தந்த சலுகை. ஒரு முனைவாக்கப் பிரிப்பான் போதும், இரண்டையும் தனித்தனி உணரிகளுக்கு அனுப்பிவிடலாம். இரண்டின் வெளிச்சமும் சமமாக இருந்தால் அவை பட்டையின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமதூரத்தில் நிற்கின்றன என்று பொருள். ஒன்று ஓங்கினால் குழாய் நீண்டுவிட்டது, சூட்டைக் குறை. மற்றது ஓங்கினால் சூட்டைக் கூட்டு. மின்சுற்று இதை இரவு பகலாகச் செய்துகொண்டே இருக்கும். இப்படி நிறுத்திய பெட்டிகள் இரண்டு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு அலைநீளத்தைக் காக்கின்றன.

ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1970இல் கொண்டுவந்த கருவி வேறு வழி போனது. குழாயைச் சுற்றி ஒரு காந்தம். காந்தப்புலத்தில் நியானின் ஒரே கோடு, எதிரெதிராகச் சுழலும் இரண்டு கோடுகளாகப் பிளக்கும். இரண்டும் சமமாக இருக்கும்படி குழாயின் நீளத்தைத் திருத்தினால் நிலைப்பு கிடைக்கும். கூடவே, இரண்டுக்கும் நடுவிலுள்ள சுமார் இருபது லட்சம் ஹெர்ட்ஸ் வித்தியாசமே அளவெடுக்கும் சமிக்ஞையாகவும் பயன்படும். தூசி, எண்ணெய்ப் புகை மண்டிய தொழிற்கூடத்தில் கதிரின் வெளிச்சம் குறைந்தாலும் எண்ணிக்கை பிசகாது. ஒரே காந்தத்தில் இரண்டு வேலை. கருவி வடிவமைப்பில் இத்தகைய சிக்கனம் அபூர்வம்.

மீதிச் சண்டைகள் சின்னவை, ஆனால் ஓயாதவை. குழாயில் ஓடும் சில மில்லியாம்பியர் மின்னோட்டம் நடுங்கினால் வாயுவின் சூடும் அடர்த்தியும் நடுங்கும். அதிர்வெண்ணும் கூடவே நடுங்கும். அதனால் ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தை வழவழவென்று தர வேண்டும். ஆடிகளைக் குழாயோடு சேர்த்தே அடைத்துவிட வேண்டும். நடுவே வெளிக்காற்று புகுந்தால் அதன் அழுத்தம் மாறும்போதெல்லாம் அதிர்வெண் ஆடும். எதிரே வைத்த பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி மறுபடி குழாய்க்குள் நுழைந்தால் லேசர் குழம்பும். எதிரொளிப்பானின் மூலைவடிவம், திரும்பும் கதிரைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இயற்கை நியான் இரண்டு முக்கிய ஐசோடோப்புகளின் கலவை. இரண்டின் பட்டைகளும் சற்றே விலகி நின்று நடுக்கோட்டைக் கோணலாக்கும். ஆகவே ஒரே ஐசோடோப்பை நிரப்புகிறார்கள். இத்தனைக்கும் பிறகு ஹீலியம் கண்ணாடியின் வழியே மெல்லக் கசிந்து போகிறது. எழுபதுகளுக்கு முந்தைய குழாய்கள் பிசின் ஒட்டில் மூடப்பட்டவை, சீக்கிரம் செத்துப்போகும். கண்ணாடியை உருக்கி ஆடியைப் பற்றவைக்கும் முறை வந்தபின் ஆயுள் பல ஆண்டுகளாக நீண்டது.

சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் இந்த வடிவமைப்புக்கு ஒரு தனிச் சோதனை காத்திருக்கிறது. கம்பி சூடேற்றத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. அதனால் குழாயின் இலக்கு வெப்பம் சுற்றுப்புறத்தைவிட நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் இருபது டிகிரி அறைக்கு இது சிக்கலே இல்லை. தகரக் கூரை போட்ட பட்டறையில் மதியம் 40 டிகிரியைத் தாண்டும்போது, சூட்டைக் குறைக்க இடமில்லாமல் கட்டுப்பாடு கைநழுவும். இத்தகைய கருவிகள் பலவற்றின் கையேட்டில் உச்ச வரம்பு 40 டிகிரி என்று இருப்பது சும்மா அல்ல. காலையில் இயந்திரம் சூடாவதற்குள் அளவெடுப்பதும், இல்லையென்றால் குளிரூட்டிய அறையில் எடுப்பதும் நல்ல ஆட்களின் வழக்கம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பட்டறையில் லேசரே மிகவும் யோக்கியமான ஆள். நீளங்களை 20 டிகிரியில் சொல்ல வேண்டும் என்பது 1931 முதல் உலக வழக்கம். 40 டிகிரியில் கிடக்கும் ஒரு மீட்டர் எஃகு அதைவிட ஏறக்குறைய 230 மைக்ரான் நீண்டிருக்கும். லேசரின் பிழையோ ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்கு. நடுவில் காற்று வேறு. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அலைநீளம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். அழுத்தம் மூன்றே முக்கால் மில்லிபார் மாறினாலும் அதே அளவு மாறும். சேலத்தில் சரிபார்த்த கருவியை ஏற்காட்டுக்கு எடுத்துப்போய், அழுத்தத்தைத் திருத்தாமல் அளந்தால் மீட்டருக்குச் சுமார் 35 மைக்ரான் தப்பு, மலையின் உயரம் ஒன்றாலேயே வந்துவிடும். பெட்டியோடு சேர்ந்து வெப்ப உணரியும் அழுத்த உணரியும் ஈரப்பத உணரியும் வருவது இதனால்தான். விலையுயர்ந்த லேசரை வாங்கிவிட்டு, உணரியை இயந்திரத்தில் ஒட்டச் சோம்பல்படுபவர்கள் பணத்தைத் தண்ணீரில் போடுகிறார்கள்.

சரி, இரண்டு கோடியில் ஒரு பங்கு என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை யார் சரிபார்ப்பது?

1960 வரை மீட்டர் என்பது பிளாட்டினம்-இரிடியம் தண்டு. பிறகு கிரிப்டான் அணு உமிழும் ஆரஞ்சு ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் என்றார்கள். அதுவும் போதவில்லை. லேசர் நிலைப்பு முன்னேற முன்னேற, அளவுகோலை விட அளக்கும் கருவி துல்லியமாகிப் போன விசித்திரம் நேர்ந்தது. அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் ஒரு யோசனை. லேசரைத் தன் சொந்த நியானின் நடுக்கோட்டில் நிறுத்தினால், குழாய்க்குள் அழுத்தம் மாற மாற அந்த நடுக்கோடே நகர்கிறது. நிர்ணயம் செய்பவன் வேறு ஆளாக இருக்கட்டும். மின்சாரம் பாயாத, அமைதியாகக் கிடக்கும் இன்னொரு வாயு அந்த வேலையைப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்கள். நாதஸ்வரம் ஊதஊதச் சூடேறிச் சுருதி விலகும்போது வித்வான் சுருதிப்பெட்டியைக் கேட்டுச் சரிசெய்துகொள்வதைப் போல, லேசரும் அந்த வாயுவைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

1969இல் அமெரிக்காவில் பார்ஜரும் ஜான் ஹாலும் அகச்சிவப்பு ஹீலியம்-நியான் லேசரை மீத்தேனிடம் ஒப்படைத்தார்கள். அதே ஆண்டு கனடாவில் ஹேன்ஸும் டால்ஸ்ட்ரோமும், சிவப்பு லேசருக்கு அயோடின் ஆவி பொருத்தமானது என்று காட்டினார்கள். 1972இல் எவன்சன் குழு மீத்தேன் லேசரின் அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் தனித்தனியே அளந்து பெருக்கி, ஒளியின் வேகத்தை நொடிக்கு 299,792,456.2 மீட்டர் என்று அதுவரை இல்லாத துல்லியத்தில் சொன்னது. 1983இல் எடை-அளவுப் பொது மாநாடு கணக்கையே தலைகீழாகத் திருப்பியது. ஒளியின் வேகம் 299,792,458 என்று நிரந்தரமாகக் கட்டப்பட்டது; அந்த வேகத்தில் ஒளி ஒரு நொடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரமே மீட்டர் ஆனது. அதிர்வெண் தெரிந்த எந்த லேசரும் அன்று முதல் ஒரு மீட்டர் கோல்தான்.

அயோடின் லேசரில் இரண்டு ஆடிகளுக்கு நடுவே, நியான் குழாயோடு, அயோடின் ஆவி அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியும் இருக்கும். அதன் ஒரு விரல் போன்ற பகுதியை 15 டிகிரியில், ஒரு டிகிரியின் ஐந்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் குளிர வைக்கிறார்கள். ஆவியின் அழுத்தத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஒளி போகும்போதும் வரும்போதும் அதே அயோடின் மூலக்கூறுகளைச் சந்திக்கும் ஒரு குறிப்பிட்ட புள்ளி உண்டு. கதிரின் திசையில் ஓடாமல் நிற்கும் மூலக்கூறுகள் அவை. அங்கே ஆவியின் உறிஞ்சல் சட்டென்று குறைந்து, லேசரின் வெளிச்சத்தில் ஒரு நுண்ணிய மேடு தோன்றும். மின்னழுத்தம் தந்தால் நுண்ணளவு நீளும் பீசோ துண்டால் ஆடியை மெல்ல அசைத்து அந்த மேட்டைத் தேடி, அதன் உச்சியில் பூட்டுகிறார்கள். அங்கே அதிர்வெண் 473,612,353,604 கிலோஹெர்ட்ஸ். உலகில் யார் செய்தாலும், விதித்த நிலைமைகளைக் கடைப்பிடித்தால், லட்சம் கோடியில் 21 பங்கு ஐயத்துக்குள் இந்த எண்தான் வரும். சேலத்திலிருந்து சென்னை வரை 340 கிலோமீட்டரை இந்தக் கோலால் அளந்தால் தப்பு 7 மைக்ரான்.

இந்தியாவுக்கு இந்தக் கோல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 1950 ஜனவரி 21 அன்று சர்தார் படேல் திறந்துவைத்த அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்து ராமனோடு பணியாற்றிய கே. எஸ். கிருஷ்ணன். சேலத்துப் பட்டறையின் சிலிப் கேஜ் என்ற அளவுக்கட்டை ஒரு கேலிபரேஷன் ஆய்வகத்துக்குப் போகிறது. அந்த ஆய்வகத்தின் லேசர் இன்னும் மேலான ஓர் ஆய்வகத்துக்கு. அது தில்லியின் அயோடின் குப்பிக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழ். பட்டறைச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் தாளில் வரும் எண்கள் கடைசியில் போய் ஊன்றுவது ஊதா நிற ஆவியில்தான்.

லேசர் என்றதும் சேலம், நாமக்கல் பக்கத்தில் பலருக்கும் தகடு வெட்டும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். அதன் மூதாதையும் ஒரு வாயு லேசரே. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் பட்டேல் 1964இல் பெல் ஆய்வகத்தில் செய்த கரியமிலவாயு லேசர். தகடு வெட்டுவதற்கு அதிர்வெண் நிலைப்பு தேவையே இல்லை. வேண்டியது வாட் கணக்கு. ஆனால் அதே வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து, 1970இல் சார்ல்ஸ் ஃப்ரீடும் ஜவானும் அதைக் கரியமிலவாயுவாலேயே நிலைநிறுத்தக் கற்றார்கள். அகச்சிவப்பில் வரிசையாக நிற்கும் அதன் கோடுகள் விஞ்ஞானிகளுக்கு அளவுகோடுகளாயின. வெட்டும் வேலையை இப்போது ஃபைபர் லேசர்கள் பெரும்பாலும் பறித்துக்கொண்டுவிட்டன.

கல்லூரி ஆய்வகங்களிலும் நீளக் குழாய் லேசர்களின் இடத்தைக் கைவிரல் அளவு டயோடுகள் பிடித்துவிட்டன. மலிவு, உயர் மின்னழுத்தம் வேண்டாம், கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் எங்காவது அலமாரியில் தூசி படிந்த ஹீலியம்-நியான் குழாய் ஒன்று மிச்சமிருந்தால் ஆசிரியர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பெட்டியைத் திறக்காமல், கதிரைக் கண்ணில் படாமல் ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்து, நடுவே ஒரு முனைவாக்கத் தகட்டை வைத்தால் போதும். குறிப்பிட்ட முனைவாக்கம் இல்லாத சிறு குழாயாக இருந்தால், எரியத் தொடங்கிய சில நொடிகளிலேயே தாளிலுள்ள சிவப்புப் புள்ளி மங்கும், தெளியும், மீண்டும் மங்கும். ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் குழாய் ஓர் அலைநீளம், அதாவது 0.633 மைக்ரான் நீண்டிருக்கிறது. முதலில் மடமடவென்று வரும் சுற்றுகள் போகப்போகத் தளர்ந்து, அரை மணிக்குப் பிறகு ஒன்றுக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். மாணவர்கள் சுற்றுகளை எண்ணி, கிடைக்கும் நீட்சியைக் குழாயின் நீளத்தாலும் கண்ணாடியின் விரிவு எண்ணாலும் வகுத்து, குழாய் எத்தனை டிகிரி சூடேறியது என்று கணக்கிடலாம். பிறகு மின்விசிறியைத் திருப்பிவிட்டு, புள்ளி என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.